பழுதின் வேரைத் தேடியவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மோட்டார் வண்டிகளுக்கு ஆயுள் கெட்டி. 1950களில் இங்கு வந்து சேர்ந்த ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய ஆங்கிலேய வண்டிகள், தாம் பிறந்த நாட்டிலே பழைய இரும்பாகிப் பல்லாண்டு கழிந்த பின்னரும், நம் தெருக்களிலே கலியாண ஊர்வலத்துக்கும் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் வாடகைக்கு ஓடின. 1960களில் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடும், அதன்பின் வந்த போரும் அவற்றை ஓய்வெடுக்க விடவில்லை. அவற்றின் ஆயுளை நீட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருந்த கராஜ்களின் கைவினைஞர்கள்.

காலையிலே வண்டி கிளம்ப மறுக்கிறது. கைதேர்ந்த கராஜ்காரர் எடுத்த எடுப்பிலே எதனையும் கழற்றுவதில்லை. பிளக்கிலிருந்து வயரை இழுத்து, அதன் நுனியை இயந்திரத்தின் இரும்பருகே சிறிது இடைவெளி விட்டுப் பிடித்து, வண்டியைச் சுழற்றச் சொல்கிறார். நீலப்பொறி பாய்ந்தால் ஐயம் எரிபொருட் பக்கம் திரும்புகிறது; பாயாவிட்டால் மின்னோட்டத்தின் பக்கம் திரும்புகிறது. ஒரே சோதனையிற் பாதி ஐயம் தீர்ந்துவிட்டது. எஞ்சிய பாதியையும் அவ்வாறே பகுத்துப் பகுத்துப் பழுதின் இருப்பிடத்தை அவர் சென்றடைகிறார்.

அவர் சோதிக்கும் அந்த மின்வழியை உலகுக்கு அமைத்துத் தந்தவர் அமெரிக்கரான சார்ள்ஸ் பிராங்ளின் கெற்றரிங். நம் கராஜ்களிலே அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. ஆயினும், செல்ஃப் எடுக்கவில்லை என்று எவரேனும் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அவருடைய கைவண்ணமே பேசப்படுகிறது. பழுதின் உண்மைக் காரணத்தைத் தேடுவதையே வாழ்நாட் பழக்கமாகக் கொண்டிருந்த அம்மனிதரின் வரலாறு, மாணவரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியது. அதிலே பின்பற்றத்தக்க பாடம் ஒன்றும், அஞ்சத்தக்க பாடம் ஒன்றும் உள்ளன.

கண்ணொளி குன்றிய மாணவன்

கெற்றரிங் 1876ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், ஒகையோ மாநிலத்தின் லௌடன்வில் என்னும் சிற்றூருக்கு அண்மையில், ஒரு கமக்காரக் குடும்பத்திலே பிறந்தார். இளமையிலேயே அவருக்குக் கண்பார்வை நலிவுற்றிருந்தது. சிறிது நேரம் படித்தாலும் தலைவலி வாட்டும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சில காலம் கிராமப் பள்ளிக்கூடங்களிலே ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலே பொறியியல் பயிலச் சேர்ந்தார். கண்நோய் காரணமாக இடைநடுவிலே படிப்பை விட்டு விலக நேர்ந்தது.

அப்போது அவருக்குக் கிடைத்தது தொலைபேசிக் கம்பி இழுக்கும் கூட்டத்திலே குழி தோண்டிக் கம்பம் நடும் வேலை. திறந்த வெளியிலே உழைத்ததனாற் கண்களுக்கு ஓய்வு கிட்டியது. பார்வையும் ஓரளவு தேறியது. அத்துடன், கல்லூரி தரமுடியாத ஓர் அறிவையும் அவ்வேலை அவருக்குத் தந்தது. மைல் கணக்கில் நீளும் ஒரு கம்பியிலே எங்கோ ஓரிடத்தில் தொடர்பு அறுந்துவிட்டால், கம்பம் கம்பமாக ஏறி இறங்குவது மூடத்தனம். நடுவிலே சோதித்து, பழுது இப்பாதியிலா அப்பாதியிலா என்று தீர்மானித்துக்கொண்டே செல்பவனுக்கு வேலை விரைவில் முடியும். நம் கராஜ்காரர் பிளக் வயரைப் பிடித்துப் பார்ப்பதும் இதே முறையன்றோ!

மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்த கெற்றரிங், உடன் தங்கிய மாணவர்கள் பாடங்களை உரக்கப் படிக்கக் கேட்டுக் கேட்டே பயின்று, 1904ஆம் ஆண்டில் மின்பொறியியற் பட்டம் பெற்றார்.

பணப்பெட்டியும் களஞ்சியமும்

பட்டம் பெற்றவுடன் டேற்றன் நகரத்து நஷனல் காஷ் றெஜிஸ்டர் கம்பனி அவரை வேலைக்கு அமர்த்தியது. கடைகளில் விற்பனைப் பணத்தைக் கணக்கிட்டு வைக்கும் பணப்பதிவுப் பொறிகளைச் செய்த நிறுவனம் அது. அப்பொறியைக் கையாற் சுழற்றியே இயக்கவேண்டியிருந்தது. அதனை மின்சாரத்தால் இயக்கவேண்டுமாயின் மிகப் பெரிய மோட்டார் தேவைப்படும் என்று பலர் கருதினர். பணப்பெட்டி நாள் முழுவதும் சுழல்வதன்று. ஒரு கணம் சுழன்று ஓய்வது. ஒரு கணத்துக்கு மட்டுமாயின் சிறிய மோட்டாரும் தன் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கும். இதனைக் கண்டு செயற்படுத்தினார் கெற்றரிங். எளிய இவ்வுண்மையே பின்னர் அவருக்குப் புகழின் வாயிலாக அமைந்தது.

அக்கம்பனியிலே அவருடன் பணியாற்றிய எட்வேட் டீட்ஸ் என்பவர் வீட்டுக் களஞ்சியத்திலே, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் சில நண்பர்கள் கூடி மோட்டார் வண்டிகளை ஆராய்ந்தனர். 1909ஆம் ஆண்டில் கெற்றரிங் தம் வேலையைத் துறந்தார். டீட்ஸுடன் சேர்ந்து டேற்றன் பொறியியல் ஆய்வுகூடக் கம்பனியை நிறுவினார். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே டெல்கோ என்னும் பெயராயின.

அக்காலத்து வண்டிகளிலே தீப்பொறி உண்டாக்கும் முறை நம்பத்தக்கதாக இருக்கவில்லை. உலர் மின்கலங்கள் விரைவிலே தீர்ந்துபோயின. கெற்றரிங் அமைத்த முறை வருமாறு: பற்றரியிலிருந்து வரும் குறைந்த அழுத்த மின்சாரம், தடித்த கம்பியாற் சில நூறு சுற்றுக்கள் கொண்ட ஒரு சுருளினூடே பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் உறுப்பு, உரிய கணத்திலே ஒரு தொடுமுனையைத் திறந்து அம்மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. காந்தப்புலம் திடீரெனக் குலைகிறது. குலையும்போது, அதே சுருளின்மேல் மெல்லிய கம்பியாலே பல்லாயிரம் சுற்றுக்கள் சுற்றப்பட்ட இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் எழுகிறது. அஃது எந்த உருளைக்குச் செல்லவேண்டுமோ அந்த உருளையின் பிளக்கிலே பொறியாகப் பாய்கிறது. நம்மவர் கொயில் என்றும் பொயின்ற் என்றும் கூறுவன இவற்றையே. கடிலாக் நிறுவனம் 1910ஆம் ஆண்டு வண்டிகளுக்கென இவ்வமைப்பை ஆயிரக்கணக்கில் வாங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்து வண்டிகளுட் பெரும்பாலானவை இம்முறையிலேயே ஓடின. நம் ஒஸ்ரினும் மொறிஸும் அவ்வாறே.

அக்காலத்திலே இயந்திரத்தைத் தொடக்குவதற்கு முன்புறத்திலே கைப்பிடியைச் செருகிச் சுழற்றவேண்டும். கைப்பிடி பின்னோக்கி உதைத்துக் கைமுறிந்தோர் பலர். கடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்ட் இதற்கு முடிவு காண விரும்பினார். இயந்திரத்தைச் சுழற்றும் மின்மோட்டார் இயந்திரத்தளவு பெரிதாக இருக்கும் என்று அன்றைய அறிஞர் பலர் கூறினர். கெற்றரிங்குக்குப் பணப்பெட்டி நினைவுக்கு வந்தது. இயந்திரத்தையும் ஒருசில கணங்கள் சுழற்றினாற் போதுமே! 1911ஆம் ஆண்டில் அவர் செய்து முடித்த மின்தொடக்கி, 1912ஆம் ஆண்டு கடிலாக் வண்டிகளிலே பொருத்தப்பட்டு வெளிவந்தது. தொடங்கும்போது மோட்டாராகவும், ஓடும்போது பற்றரிக்கு மின்னூட்டும் பொறியாகவும் ஒரே கருவி பணிபுரிந்தது. உடல்வலிமை இல்லாதோரும் பிறர் துணையின்றி வண்டியோட்ட இது வழிசெய்தது.

சாவியும் கள்வனும்

ஓட்டுவோனுக்கு எளிதாயது கள்வனுக்கும் எளிதாயிற்று. தொடக்குவது எளிதாக எளிதாகத் தடுப்பதற்கும் வழிதேட வேண்டியதாயிற்று. பற்றரிக்கும் சுருளுக்கும் இடையே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆளி ஒன்று இருந்தது. அதனைச் சாவி கொண்டு பூட்டுவது இயல்பான வழியாக அமைந்தது. ஆயினும் அது பெரிய காவலன்று. தொடக்க காலச் சாவிகள் சில வகைகளே. ஒருவர் சாவி மற்றொருவர் வண்டிக்கும் பொருந்துவதுண்டு. சாவி இல்லாதவனும் ஆளியின் பின்புறத்து வயர்கள் இரண்டை ஒன்றாக முறுக்கினால் மின்வழி முழுமையாகிவிடும். தவிரவும், பழைய மொறிஸ் மைனரிலே சாவி பொறிவழியை மட்டுமே திறந்தது. தொடக்கிக்குத் தனியாக ஓர் இழுகுமிழ் இருந்தது. சாவியைத் திருப்பியே இயந்திரத்தைத் தொடக்கும் முறையைக் கிறைஸ்லர் நிறுவனம் 1949இல் தன் வண்டிகளிலே கொணர்ந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1969ஆம் ஆண்டு வண்டிகளிலே சுக்கானையும் சேர்த்துப் பூட்டும் ஆளியை அமைத்தது. 1986இல் தன் கோவெற் வண்டிக்கு, மின்தடைச் சில்லொன்று பதித்த சாவியை வழங்கியது. 1990களிலே, சாவிக்குள் சிறு சில்லொன்றை மறைத்து, அதன் இரகசிய எண்ணை வண்டியின் கணினி வானொலி அலையால் வாசித்து ஒப்புநோக்கும் முறை பரவிற்று. 1998 முதல் ஐரோப்பாவிலே புதிய கார்களுக்கு இத்தகைய தடுப்புமுறை கட்டாயமாயிற்று. போர் ஓய்ந்தபின் குடாநாட்டுக்கு வந்த யப்பானிய வண்டிகள் பலவற்றிலும் இதுவே உள்ளது.

இங்கே கள்வனைத் தடுக்கும் காவலன் சில வேளை உடையவனையே தடுத்துவிடுகிறான். அப்போது பழுது காண்பதெப்படி? கெற்றரிங் காலத்து முறையே கைகொடுக்கிறது. சாவியைத் திருப்பும்போது இயந்திரம் சுழலவே இல்லையாயின், முதலில் ஐயுறவேண்டியது பற்றரியையும் அதன் முனைகளிற் படிந்த பூஞ்சணத்தையும். இயந்திரம் நன்கு சுழன்றும் பற்றாவிட்டால், அல்லது பற்றி ஓரிரு விநாடியில் அணைந்துவிட்டால், திருட்டுத் தடுப்பின்மீது ஐயம் விழுகிறது. சில வண்டிகளில் அத்தடுப்புத் தொடக்கியையே மறிப்பதும் உண்டு. முகப்புப் பலகையிலே சாவி வடிவான விளக்கு விடாது மினுங்குமாயின் ஐயம் வலுப்பெறும். அடுத்து, வீட்டில் உள்ள இரண்டாவது சாவியைக் கொண்டு முயலவேண்டும். அது வேலை செய்தாற் குற்றம் முதற்சாவியில். இரண்டும் வேலை செய்யாவிட்டால், சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பி வளையத்தையோ, அதிலிருந்து கணினிக்குச் செல்லும் வயர்களையோ, கணினியையோ ஆராயவேண்டும்.

பலர் உடனே சாவியிலுள்ள சிறு பற்றரியை மாற்றுவர். கதவைத் தொலைவிலிருந்து திறப்பதற்கே அப்பற்றரி பெரும்பாலும் உதவுகிறது. துவாரத்திற் செருகும் சாவியின் மறைசில்லோ, அவ்வளையத்தின் காந்தப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய வலுவைப் பெறுகிறது. ஆதலால் பற்றரியை மாற்றியும் வண்டி கிளம்பாது. அதே கோர்வையிலே மற்றொரு வண்டியின் மறைசாவி தொங்கினாலும் வாசிப்புக் குழம்பலாம். அதனைக் கழற்றிவிட்டு முயன்று பார்த்தால் ஒரு சதமும் செலவின்றி ஐயம் தீரும். உறுப்பை மாற்றுமுன் காரணத்தை அறிதல் என்பது இதுவே.

இடிக்கும் இயந்திரம்

கெற்றரிங் வாழ்விலே இவ்வுண்மைக்கு வந்த பெருஞ் சோதனை இனிக் கூறப்படுவது. அவருடைய பொறிமுறை பரவிய காலத்தில், இயந்திரங்கள் சுமையேறும்போது சுத்தியலால் அடிப்பதுபோல் இடித்தன. பழி புதிய பொறிமுறைமேல் விழுந்தது. அதே வேளையில், மின்சாரம் எட்டாத கமங்களுக்கென டெல்கோ நிறுவனம் விற்ற சிறு மின்னாக்கிகளும் அவ்வாறே இடித்தன. அவை மண்ணெண்ணெயில் ஓடுபவை.

1916இல் தம்மிடம் வேலைக்குச் சேர்ந்த தோமஸ் மிட்ஜ்லி என்னும் இளைஞரிடம் இக்காரணத்தைத் தேடும் பணியைக் கெற்றரிங் ஒப்படைத்தார். உருளைக்குள் அழுத்தம் மாறுவதை ஒளிக்கீற்றாகப் பதிவுசெய்து பார்த்தனர். பொறி பாய்ந்து எரிதல் தொடங்கிய பின்னரே இடிப்பு நிகழ்வது தெரிந்தது. ஆகவே பொறி குற்றமற்றது; எரிபொருளின் இயல்பே குற்றவாளி என்பது துணியப்பட்டது. எரிபொருளுக்குச் செந்நிறம் ஊட்டினால் அது வெப்பத்தை உறிஞ்சி இடிப்பைக் குறைக்கும் என்றொரு கருத்துத் தோன்றியது. சிவப்புச் சாயம் கையிலில்லாமையால் அயடீனைக் கலந்தனர். இடிப்பு நின்றது! பின்னர் உண்மையான சாயங்களைக் கலந்தபோது ஒன்றும் நிகழவில்லை. நிறம் காரணமன்று, அயடீனே காரணம் என்பது அதனாற் புலனாயிற்று. தம் கருத்துப் பொய்த்ததை ஒப்புக்கொண்டு உண்மையின் பின்னே சென்றமை அவர்களுக்குப் பெருமை தருவதாகும்.

மண்ணெண்ணெய் இடிக்கும் என்பதை யாழ்ப்பாணத்தார் நூல்வழி அறியவேண்டியதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் பற்றரியும் வடபகுதிக்கு வருவது தடுக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் நம் வண்டிகள், சிறிதளவு பெற்றோல் கொண்டு தொடக்கப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையால் அந்தச் சில துளிப் பெற்றோல் இன்றியமையாததாயிற்று. பழைய ஒஸ்ரின் வகைகளின் உருளைகள் கலவையைக் குறைந்த அளவே நெருக்குவன. ஆதலால் இடிப்பைப் பொறுத்துக்கொண்டு அவை ஓடின. புகையும் இடிப்பும் கொண்ட அப்பயணங்களிலே நோயாளரும் மாணவரும் இடம்பெயர்ந்தோரும் சுமக்கப்பட்டனர். டேற்றன் நகரத்து ஆய்வுகூடம் ஆராய்ந்த அதே வினாவை, நம் கராஜ்காரர் தெருவோரத்திலே எதிர்கொண்டனர்.

மருந்தே நஞ்சானது

அயடீன் விலை கூடியது, உலோகத்தை அரிப்பது. வேறு பொருள் தேடினர். மதுசாரம் கலந்தால் இடிப்பு அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எனினும் 1921ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சோதிக்கப்பட்ட ரெற்றா எதைல் ஈயம், மிகச் சிறிய அளவிலேயே இடிப்பை முற்றாக அடக்கிற்று, மலிவாகவும் கிடைத்தது. 1923இல் ஈயங் கலந்த பெற்றோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு அதனை விற்பதற்கென நிறுவப்பட்ட கம்பனிக்குக் கெற்றரிங்கே தலைவரானார்.

ஈயம் நஞ்சென்பது அன்று புதிய செய்தியன்று. 1924ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நியூ ஜேர்சியில் அதனை ஆக்கிய தொழிற்சாலையில் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். 1925இல் அமெரிக்க அரசு கூட்டிய மாநாட்டிலே மருத்துவர் அலிஸ் ஹமில்டன் முதலியோர் எச்சரித்தனர். சில காலம் நிறுத்தப்பட்ட விற்பனை 1926இல் மீண்டும் தொடங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துத் தெருக்களில் எல்லாம் ஈயப்புகை படிந்தது; குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுப்பது ஐயமற நிறுவப்பட்டது. இலங்கையிலே 2002ஆம் ஆண்டில் ஈயப் பெற்றோல் ஒழிக்கப்பட்டது. உலகிலே கடைசியாக அல்ஜீரியா 2021இல் அதனை நிறுத்தியது.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பொருந்துமாறு செய்யவேண்டும் என்று மருத்துவனுக்கு விதிக்கிறது. கெற்றரிங் நோயை அறிந்தார். பிறர் காணாத காரணத்தையும் கண்டார். தணிக்கும் வழியையும் கண்டார். பொருந்துமாறு செய்தல் என்னும் இறுதிப் படியிலே அவர் வழுவினார். இயந்திரத்தின் நோய் தீர்ந்தது. மூச்சு விடும் உயிர்களுக்கு நோய் வந்தது. மற்றைய படிகளிலே பெற்ற வெற்றி இறுதிப் படியின் தவறுக்கு விடையாகாது.

பிற்கால வாழ்வு

1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பகுதிக்குக் கெற்றரிங் தலைமை தாங்கினார். செப்புத் தகடுகளாற் காற்றுக் கொண்டே குளிரூட்டும் இயந்திரம் ஒன்றை அவர் பிடிவாதமாக ஆதரித்தார். 1923இல் அது தோல்வியுற்று, விற்ற வண்டிகளைத் திருப்பி அழைக்கவேண்டியதாயிற்று. அவர் மேற்பார்வையிலே மிட்ஜ்லி ஆக்கிய குளிரூட்டி வாயு, ஓசோன் படையை அரிப்பது அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே தெரியவந்தது.

நம் நாட்டுக்கு நேரே வந்த நன்மையும் ஒன்றுண்டு. கனமான டீசல் இயந்திரத்தை இலகுவாக்கிப் புகையிரதத்துக்கு ஏற்றதாக்கிய முயற்சியை 1930களில் முன்னின்று நடத்தியவர் அவரே. அவர் மகன் யூஜினும் அதில் உழைத்தார். அம்மரபிலே வந்த இயந்திரங்கள் பொருத்திய கனடிய எஞ்சின்கள், கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் இலங்கைக்கு வந்தன. கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி நம் இருப்புப் பாதைகளில் ஓடின. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது அந்த டீசல் யுகத்திலேதான்.

1945இல் அல்பிரட் சுலோனுடன் சேர்ந்து நியூயோர்க்கிலே புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். தாவரங்கள் சூரிய ஒளியை உணவாக்கும் விந்தையை ஆராயவும் பொருள் வழங்கினார். 180க்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. 1958ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், 82ஆம் வயதிலே, டேற்றன் நகரில் அவர் காலமானார்.

அவர் அமைத்த தொடுமுனைகள் இன்றைய வண்டிகளில் இல்லை. அவ்வேலையை மின்னணுக் கருவிகள் செய்கின்றன. கண்ணுக்குத் தெரிந்த வயர் இருந்த இடத்திலே கண்ணுக்குத் தெரியாத எண் வந்துவிட்டது. எனினும் பழுது காணும் நெறி மாறவில்லை. சத்தம் எழும் இடத்திலேதான் குற்றம் இருக்கும் என்று கொள்ளலாகாது. பழிசுமத்தப்பட்டதை முதலிற் சோதித்து, குற்றமற்றதாயின் விடுவிக்கவேண்டும். கருத்துப் பொய்த்தால் அதனைக் கைவிடவேண்டும். இவற்றைக் கெற்றரிங் தம் வெற்றிகளாற் கற்பித்தார். கண்ட மருந்து யாரைச் சென்று தாக்கும் என்பதையும் சோதித்த பின்னரே பணி முடிவுறும். அதனை அவர் தம் தவறினாற் கற்பித்தார். நம் தொழினுட்பக் கல்லூரிகளிலே இயந்திரம் பயிலும் மாணவருக்கு இவ்விரண்டு பாடங்களையும் ஒருசேரக் கற்பித்தல் ஆசிரியர் கடன்.